சான்றிதழுக்காக உம்மாவின் சங்கிலியை அடகு வைக்கலாமா?

சேரன்மகாதேவி வட்டாரத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 26, பி.காம். முடித்தவர், திருநெல்வேலி டவுனில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கெழுதுகிறார், மாதச் சம்பளம் 11,500 ரூபாய். பாளையங்கோட்டையில் ஒரு பயிற்சி நிலையம் ‘கூகுள் அங்கீகாரம் பெற்ற எஸ்.இ.ஓ. புரொஃபஷனல் சான்றிதழ்’ என்ற பெயரில் நான்கு மாத வகுப்பு நடத்துகிறது. எஸ்.இ.ஓ. என்பது கூகுள் போன்ற தேடுபொறிகளில் ஓர் இணையதளம் மேலே வரும்படி செய்யும் வேலை. கட்டணம் 48,000 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. ‘நூறு சதவீத வேலைவாய்ப்பு உதவி’ என்றும் நோட்டீசில் அச்சிட்டிருக்கிறார்கள். வகுப்பு காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை என்பதால், சேர்ந்தால் கடை வேலையை விட வேண்டும். இடத்தை உறுதி செய்ய 5,000 ரூபாய் முன்பணம் கட்டியாகிவிட்டது. ‘திருப்பித் தரப்படமாட்டாது’ என்று ரசீதில் இருக்கிறது. மீதிப் பணத்துக்கு உம்மாவின் கழுத்துச் சங்கிலியை அடகு வைப்பதாகப் பேச்சு. வட்டி கட்டுவதில் உம்மாவுக்கு மனமில்லை, மகளுக்காக ஒத்துக்கொண்டிருக்கிறார். கல்லூரியில் படிக்கும் தம்பியோ, ‘ஏ.ஐ. வந்த பிறகு எஸ்.இ.ஓ.வே செத்துப்போச்சு’ என்கிறார். சாச்சி (சித்தி) பத்தமடையில் பாய் நெய்கிறார் என்பது கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் வந்திருக்கிறது. சான்றிதழ் அந்தப் பணத்துக்குத் தகுமா, அது இல்லாமல் இந்தத் துறையில் நுழைய முடியுமா, கட்டிய முன்பணம் திரும்புமா என்பவை அவருடைய மூன்று கேள்விகள். அவரை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அன்புள்ள சகோதரிக்கு,

பத்து நாட்களுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று எழுதியிருப்பதால், முடிவை முதலில் சொல்லிவிட்டுக் காரணங்களுக்கு வருகிறேன். சங்கிலியை வைக்க வேண்டாம். கடை வேலையையும் இப்போதைக்கு விட வேண்டாம். எஸ்.இ.ஓ. என்னும் தேடுபொறி உகப்பாக்கத்தை நீங்கள் கற்பதை நான் தடுக்கவில்லை. கணக்குப் படித்தவர்களுக்கு இந்த வேலை நன்றாகவே பொருந்தும் என்பது பதினைந்து ஆண்டுகளாக இதில் இருக்கும் என் அனுபவம். இந்த விலைக்கு இந்தத் தாளை வாங்குவதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

‘கூகுள் அங்கீகாரம்’ என்ற சொல்

உங்கள் கடிதத்தில் ‘கூகுளே கொடுக்கும் சான்றிதழ் என்பதால் எங்கே போனாலும் செல்லும்’ என்று ஒரு வரி இருக்கிறது. நீங்கள் எடுத்த முடிவு முழுவதும் இந்த வரியின் மேல்தான் நிற்கிறது, வரியோ சரியானதல்ல. எஸ்.இ.ஓ.வுக்கென்று கூகுள் எந்தச் சான்றிதழும் வழங்குவதில்லை. ஸ்கில்ஷாப் என்ற அதன் பயிற்சித் தளத்தில் கூகுள் ஆட்ஸ், கூகுள் அனலிட்டிக்ஸ் ஆகியவற்றுக்குத் தேர்வுகள் உண்டு. முதலாவது, காசு கொடுத்து விளம்பரம் செய்வது பற்றியது. இரண்டாவது, தளத்துக்கு வருவோரின் கணக்கைப் பார்ப்பது பற்றியது. இவற்றை எவரும் வீட்டிலிருந்தே கட்டணமின்றி எழுதலாம். தேறினால் கிடைக்கும் சான்றிதழ் ஓராண்டுக்குச் செல்லும். பிறகு மறுபடி எழுத வேண்டும். சில நிறுவனங்களின் வாசலில் காணப்படும் ‘கூகுள் பார்ட்னர்’ முத்திரையும் விளம்பரக் கணக்குகளை நிர்வகிப்பதற்காகக் கொடுக்கப்படுவதே தவிர, தேடல் முடிவுகளில் ஒரு தளத்தை மேலே கொண்டுவரும் திறமைக்காகக் கொடுக்கப்படுவதல்ல. கோர்ஸெரா என்ற இணையப் படிப்புத் தளம் வழியாகக் கூகுள் நடத்தும் டிஜிட்டல் மார்க்கெட்டிங் படிப்பில் எஸ்.இ.ஓ. ஒரு பகுதியாக வருகிறது. அதற்குக் கட்டணம் உண்டு. ஆனால் அதற்கும் பாளையங்கோட்டை நிலையத்துக்கும் சம்பந்தமில்லை.

யோசித்துப் பார்த்தால், எஸ்.இ.ஓ.வுக்குக் கூகுள் சான்றிதழ் தராததில் வியப்பில்லை. எந்தப் பக்கம் மேலே வர வேண்டும் என்று வரிசைப்படுத்துகிறவரே, ‘இவர் மேலே கொண்டுவரத் தெரிந்தவர்’ என்று ஒருவருக்கு நற்சான்று எழுதிக் கொடுத்தால், அந்த வரிசையை யார் நம்புவார்கள்? எஸ்.இ.ஓ. ஆட்களை அமர்த்த நினைக்கும் வியாபாரிகளுக்காகக் கூகுள் வெளியிட்டிருக்கும் வழிகாட்டியிலேயே, முதலிடத்துக்கு எவராலும் உத்தரவாதம் தர முடியாது என்று வெளிப்படையாக எச்சரித்திருக்கிறார்கள்.

நீங்கள் பி.காம். என்பதால் ஒன்றைச் சுலபமாகப் புரிந்துகொள்வீர்கள். ஒரு நிறுவனத்தின் தணிக்கை அறிக்கையில் கையெழுத்திட வேண்டுமானால், பட்டயக் கணக்காளர் கழகத்தின் உறுப்பினராக இருந்தே தீர வேண்டும். அங்கே சான்றிதழ்தான் கதவு. வழக்கறிஞருக்கு பார் கவுன்சில் இருக்கிறது, மருத்துவருக்கு மருத்துவ ஆணையம் இருக்கிறது. எஸ்.இ.ஓ.வுக்கு அப்படி ஓர் அமைப்பு இந்தியாவில் இல்லை. யார் வேண்டுமானாலும் சான்றிதழ் அச்சடிக்கலாம், யார் வேண்டுமானாலும் சான்றிதழ் இல்லாமல் தொழில் செய்யலாம். எனவே, உங்கள் இரண்டாம் கேள்விக்கு ‘நுழைய முடியும்’ என்பதே பதில்.

அப்படியானால் அந்த நிலையத்தில் முன்பு படித்தவர்கள் காட்டிய ‘கூகுள் சான்றிதழ்’ எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். பெரும்பாலும் நான் மேலே சொன்ன ஸ்கில்ஷாப் தேர்வுகளை வகுப்பறையில் உட்காரவைத்து எழுதச் செய்திருப்பார்கள். ஹப்ஸ்பாட் அகாடமி, செம்ரஷ் அகாடமி போன்ற இணையப் பயிற்சித் தளங்கள் நடத்தும் எஸ்.இ.ஓ. பாடங்களும் தேர்வுகளும்கூட இலவசமே. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். இங்கே சுண்டைக்காய்க்கு அந்தக் கால் பணம்கூட இல்லை.

சுமைகூலியின் முழுக் கணக்கு

நீங்கள் 48,000 என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். பதினெட்டு சதவீத ஜி.எஸ்.டி. 8,640 ரூபாயைச் சேர்த்தால் 56,640 ஆகிறது. நான்கு மாதம் வேலையை விட்டால் கைக்கு வராமல் போகும் சம்பளம் 46,000. ஆக மொத்தம் 1,02,640 ரூபாய். பேருந்துக் கட்டணமும் அடகு வட்டியும் இதற்கு மேல். கணக்கெழுதும் உங்களுக்கு நான் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் கடைக்குப் போடும் கணக்கைச் சொந்த விஷயத்தில் போடாமல் விட்டுவிடுவது நம் எல்லோருக்கும் உள்ள வழக்கம்தான்.

மறுபக்கம் வரவு என்ன? ‘நூறு சதவீத வேலைவாய்ப்பு உதவி’ என்பதில் கடைசிச் சொல்லை மீண்டும் ஒருமுறை படியுங்கள். வேலை தருவதாக அவர்கள் சொல்லவில்லை; உதவுவதாகத்தான் சொல்கிறார்கள். நான்கு நிறுவனங்களுக்கு உங்கள் பயோடேட்டாவை அனுப்பிவைத்தாலே அந்த வாக்கு நிறைவேறிவிடும். நெல்லையில் இந்த வேலைக்கு ஆள் எடுக்கும் இடங்கள் குறைவு. வாய்ப்புகள் பெரும்பாலும் சென்னை, கோவை, பெங்களூருவில் இருக்கின்றன, அல்லது வீட்டிலிருந்து வேலை பார்ப்பதாக அமைகின்றன. தொடக்கச் சம்பளம் நீங்கள் இப்போது வாங்குவதைவிடப் பெரிதாக இருக்கும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். இரண்டு மூன்று ஆண்டுகள் வேலை செய்து காட்டிய பிறகுதான் இந்தத் துறையில் சம்பளம் ஏறத் தொடங்குகிறது.

சான்றிதழுக்கு மதிப்பே இல்லையா?

உண்டு, ஆனால் சிறிய மதிப்பு. பெரிய நிறுவனங்களில் மனிதவளப் பிரிவினர் விண்ணப்பங்களை முதல் சுற்றில் கழிக்கும்போது, எஸ்.இ.ஓ.வில் முன் அனுபவம் இல்லாத உங்களைப் போன்றவரின் பயோடேட்டாவில் ஒரு சான்றிதழ் இருந்தால் அது ஒதுக்கப்படாமல் தப்பலாம். அதற்கு இலவசச் சான்றிதழே போதும். தனியாக உட்கார்ந்து படிக்க மனம் ஒன்றாதவர்களுக்கு வகுப்பும் ஆசிரியரும் வேண்டியிருக்கும் என்பதையும் நான் மறுக்கவில்லை. ‘எங்கே போகிறாய், என்ன படிக்கிறாய்’ என்று வீட்டில் கேட்கும்போது காட்டுவதற்கு ஒரு தாள் இருப்பது நம் ஊர்ப் பெண்களுக்கு எவ்வளவு பெரிய உதவி என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அந்த உதவிக்கு ஒரு லட்சம் ரூபாய் விலை அதிகம்.

நேர்காணலில் என்ன நடக்கிறது என்பதை ஓர் உதாரணத்தால் சொல்கிறேன். சென்ற ஆண்டு எங்கள் சிறிய அலுவலகத்துக்கு ஓர் இளநிலைப் பணியாளர் தேவைப்பட்டார். தளம் அமைக்க உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸில் ஒரு சோதனைத் தளத்தை அமைத்து, அதன் அமைப்புகளில் ‘இத்தளத்தைத் தேடுபொறிகள் பட்டியலிட வேண்டாம்’ என்ற பொருளில் வரும் சிறு கட்டத்தில் நானே டிக் போட்டு வைத்திருந்தேன். வந்தவர்களிடம் மடிக்கணினியைத் தள்ளி, ‘மூன்று வாரமாக இந்தத் தளம் கூகுளில் வரவில்லை; ஏன்?’ என்று மட்டும் கேட்டேன். ஐந்து சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் கொண்டுவந்திருந்த ஓர் இளைஞர், மடிக்கணினியைத் தொடாமலே பத்து நிமிடம் பேக்லிங்க் (பிற தளங்களிலிருந்து நம் தளத்துக்கு வரும் இணைப்பு) பற்றிப் பேசினார். தன் தந்தையின் நாற்றுப் பண்ணைக்குத் தளம் நடத்திக்கொண்டிருந்த ஒரு பெண், பக்கத்தின் மூலக் குறியீட்டைத் திறந்து ‘நோஇன்டெக்ஸ்’ என்ற சொல்லைக் கண்டுபிடித்து, அமைப்புகளுக்குப் போய் அந்த டிக்கை எடுத்துவிட்டு, ‘இனி சர்ச் கன்சோலில் மறுபடி சோதிக்கச் சொல்லிக் கேட்கணும்’ என்றார். (ஒரு தளம் கூகுள் தேடலில் எப்படித் தோன்றுகிறது என்று அதன் உரிமையாளருக்குக் காட்டும் கூகுளின் கருவிதான் சர்ச் கன்சோல்.) நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. அவரிடமும் ஒரு சான்றிதழ் இருந்தது, இலவசமாக எழுதியது, நான் கேட்ட பிறகுதான் அதைச் சொன்னார்.

இப்படி ஆள் எடுப்பது நான் மட்டுமல்ல. நம் பக்கத்திலேயே தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் இருக்கும் மென்பொருள் நிறுவனமான ஜோஹோ, பட்டம் இல்லாத பிள்ளைகளைத் தானே பயிற்றுவித்து வேலைக்கு எடுத்துக்கொள்வதை இந்த வட்டாரத்தில் பலரும் அறிவார்கள்.

நீங்கள் அனுப்பிய நோட்டீஸ்

பாடத்திட்டத்தை வரிவரியாகப் படித்தேன். ‘மெட்டா கீவேர்டு எழுதும் முறை’ என்று முழுதாக ஒரு வகுப்பு ஒதுக்கியிருக்கிறார்கள். பக்கத்தின் மூலக் குறியீட்டில் தேடுசொற்களைப் பட்டியலிடும் குறிச்சொல் அது. தளங்களை வரிசைப்படுத்த அந்தக் குறிச்சொல்லைத் தான் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது. ‘500 டைரக்டரி சப்மிஷன், சோஷியல் புக்மார்க்கிங்’ என்பது அடுத்த வரி; பட்டியல் தளங்களில் நம் தளத்தின் இணைப்பை நாமே போட்டு வைப்பது அது. காசு கொடுத்தும் எண்ணிக்கைக்காகவும் இணைப்புகளைக் குவித்த தளங்களைக் கீழே தள்ளுவதற்கென்றே 2012-இல் பெங்குவின் என்ற மாற்றத்தைக் கூகுள் கொண்டுவந்தது. அதற்கு முன் நடந்த தொழிலை இன்றும் பாடமாக வைத்திருக்கிறார்கள். ‘யுனிவர்சல் அனலிட்டிக்ஸ்’ என்று ஒரு பகுதி இருக்கிறது; கூகுள் அனலிட்டிக்ஸின் பழைய வடிவமான அந்தக் கருவி 2023 ஜூலை 1 முதல் புதிய தரவு எதையும் பதிவதில்லை, இப்போது இருப்பது அதன் அடுத்த வடிவமான ஜி.ஏ.4. சர்ச் கன்சோல் என்ற சொல்லை இரண்டு பக்கமும் தேடினேன். தினமும் காலையில் எஸ்.இ.ஓ. வேலை செய்பவர் முதலில் திறப்பது அதைத்தான். நோட்டீசில் அது இல்லை.

பாடம் பழையது என்பதைவிட முக்கியமான ஒன்று, காலக் கணக்கு. ஒரு தளத்தில் செய்யும் திருத்தங்களின் பலன் தெரியப் பொதுவாக நான்கு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும் என்பது கூகுளின் வழிகாட்டுதல். நான்கு மாத வகுப்பில் கடைசி மாதம்தான் ‘லைவ் புராஜெக்ட்’ என்றால், நீங்கள் செய்த வேலையின் பலனை நீங்களே பார்க்காமல் சான்றிதழோடு வெளியே வருவீர்கள். முதல் வாரத்திலேயே ஒரு தளத்தை உங்கள் கையில் கொடுத்து, கடைசி வாரம் வரை அதன் எண்களைப் பார்க்கச் சொல்லும் வகுப்பு எங்காவது, மாலை நேரத்தில், பத்தாயிரத்துக்குள் கிடைத்தால் தயங்காமல் சேருங்கள்.

தம்பி சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. 2024 ஆகஸ்டு முதல் இந்தியாவிலும் கூகுள் தேடலின் தலைப்பகுதியில் ஏ.ஐ. எழுதும் சுருக்கம் வருகிறது. ‘கோரைப்புல் என்றால் என்ன’ போன்ற கேள்விகளுக்கு அங்கேயே விடை கிடைத்துவிடுவதால், அதன் கீழே உள்ள பக்கத்தைப் பலர் திறப்பதில்லை. பொதுத் தகவலை எழுதிக் குவித்துப் பிழைத்தவர்களுக்கு அது அடி. ஆனால் பாய் வாங்க நினைப்பவர் சுருக்கத்தைப் படித்துவிட்டுப் படுத்துக்கொள்ள முடியாது. யாரிடமாவது வாங்கித்தான் ஆக வேண்டும். அப்படி வாங்க வருகிறவரை வாசலுக்குக் கொண்டுவரும் வேலை அப்படியே இருக்கிறது.

சாச்சியின் பாய்

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்த வரியில்தான் உங்களுக்கான பயிற்சி நிலையம் இருக்கிறது. சாச்சிக்கு ஒரு தளம் அமையுங்கள். தளத்தின் பெயருக்கும் (டொமைன்) அதை இணையத்தில் வைக்கும் இடத்துக்குமாக (ஹோஸ்டிங்) ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய் செலவாகும். அதுவும் முடியாவிட்டால் கூகுளின் வலைப்பதிவுச் சேவையான பிளாகரில் இலவசமாகவே தொடங்கலாம். முதல் நாளே அதைச் சர்ச் கன்சோலோடு இணையுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. வாங்குவோர் வீட்டுக்கே வருகிறார்கள் என்றால், கூகுள் மேப்பிலும் சாச்சியின் இடத்தைப் பதிவு செய்யுங்கள்.

பிறகு, மக்கள் எப்படித் தேடுகிறார்கள் என்று கவனியுங்கள். நம் ஊர்ப் பெயரை ஆங்கில எழுத்தில் அடிக்கும்போது ஒருவர் இரண்டு ‘டி’ போடுகிறார். இன்னொருவர் ‘டி’யோடு ‘எச்’ சேர்க்கிறார். தமிழிலேயே அடிப்பவர்களும் உண்டு. ஒருவர் ‘கோரைப்பாய்’ என்கிறார், இன்னொருவர் ‘பட்டுப்பாய்’ என்கிறார், வேறொருவர் ‘கல்யாணப் பாய்’ என்கிறார். விலை கேட்பவர், பெயர் நெய்து தருவீர்களா என்று கேட்பவர், துவைக்கலாமா என்று கேட்பவர் என ஒவ்வொருவரின் தேவையும் வேறு. இந்தச் சொற்களைப் பிரித்தறிந்து, எந்தத் தேவைக்கு எந்தப் பக்கம் என்று வகுப்பதுதான் எஸ்.இ.ஓ.வின் முதல் பாடம். ஆங்கிலம் சரளமாக வராது என்பதால் சான்றிதழாவது வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆங்கிலத்தில் இருக்கும் வழிகாட்டிகளை அகராதி வைத்தாவது படிக்கத்தான் வேண்டும். அதிலிருந்து எந்தச் சான்றிதழும் உங்களுக்கு விலக்குத் தராது. ஆனால் பத்தமடைப் பாயை எந்தெந்தச் சொல்லால் கேட்பார்கள் என்பது பெங்களூருவில் இருக்கும் ஆங்கிலம் தெரிந்தவருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் கடையில் பேரேட்டை முடிப்பது போல இதற்கும் ஒரு பேரேடு போடுங்கள். எந்தச் சொல்லுக்கு எத்தனை முறை நம் பக்கம் திரையில் தோன்றியது, எத்தனை பேர் திறந்தார்கள், சராசரி எத்தனையாவது இடம், அந்த வாரம் நாம் மாற்றியது என்ன என்று நான்கு பத்திகள் போதும். தலைப்பை மாற்றிய வாரமும் கிளிக் கூடிய வாரமும் ஒன்றாக இருப்பதாலேயே ஒன்றுக்கு மற்றொன்று காரணம் என்று முடிவு கட்டாதீர்கள். முகூர்த்த மாதம் வந்ததாலும் கூடியிருக்கலாம். ஆறு மாதம் இப்படி எழுதிய நோட்டை நேர்காணலுக்குக் கொண்டுபோங்கள். கடை வேலை தொடர்வதால் அந்த ஆறு மாதமும் சம்பளம் வரும். ஸ்கில்ஷாப் அனலிட்டிக்ஸ் தேர்வையும் ஹப்ஸ்பாட் எஸ்.இ.ஓ. தேர்வையும் இடையில் ஞாயிற்றுக்கிழமைகளில் எழுதிவிடலாம். இதில் ஆபத்தும் உண்டு. ஆறு மாதத்தில் ஒரு பாய்கூட விற்காமல் போகலாம். ஏன் விற்கவில்லை என்று எண்களைக் காட்டிச் சொல்லத் தெரிந்தால், வேலைக்கு எடுப்பவருக்கு அதுவே போதும்.

கட்டிய முன்பணம்

நான் வழக்கறிஞர் அல்லன். பொதுவாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். ரசீதில் ‘திருப்பித் தரப்படமாட்டாது’ என்று இருப்பதாலேயே பேச்சு முடிந்துவிட்டதாக எண்ண வேண்டாம். இல்லாத அங்கீகாரத்தை இருப்பதாகச் சொல்லிப் பணம் வாங்குவது, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி தவறான விளம்பரம் என்ற வகைக்குள் வரக்கூடியது. பயிற்சி நிலையங்களின் பொய்யான விளம்பரங்களைத் தடுப்பதற்கென்றே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வழிகாட்டு நெறிமுறைகளும் வெளியிட்டிருக்கிறது.

வகுப்பு தொடங்குவதற்கு முன்பே, இந்த வாரத்திலேயே, சேரப்போவதில்லை என்று எழுத்தில் தெரிவியுங்கள். கூகுள் அங்கீகாரம் என்று எழுதியிருந்ததை நம்பிப் பணம் கட்டியதையும், அப்படி ஓர் அங்கீகாரம் இருந்தால் அதன் நகலைத் தருமாறும், இல்லையென்றால் முன்பணத்தைத் திருப்பித் தருமாறும் நான்கைந்து வரிகளில் மரியாதையாகக் கேட்டால் போதும். நோட்டீஸ், ரசீது, வாட்ஸ்அப்பில் அவர்கள் அனுப்பிய செய்திகள் எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்திருங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியலாம். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது; கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் அங்கே மனுவுக்குக் கட்டணம் இல்லை; இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். ஐயாயிரத்துக்காக ஆணையத்தின் படியேற வேண்டுமா என்று நீங்கள் தயங்கலாம். பெரும்பாலும் கடிதத்திலேயே முடிந்துவிடும். திரும்பாமலே போனாலும், அந்த ஐயாயிரம் வீணாகிவிடுமே என்பதற்காக மீதி ஐம்பத்தோராயிரத்து அறுநூற்று நாற்பதைக் கொண்டுபோய்க் கட்டாதீர்கள்.

இந்த ஞாயிறு பத்தமடைக்குப் போனால் சாச்சியிடம் இரண்டு கேள்விகளைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மணமக்கள் பெயரை நெய்து ஒரு பாய் முடிய எத்தனை நாள் ஆகும்? ஆவணி முகூர்த்தத்துக்குப் பாய் வேண்டுமானால் எந்தத் தேதிக்குள் சொல்ல வேண்டும்? அவர் சொல்லும் பதிலை அவர் சொன்னபடியே எழுதுங்கள்; தளத்தின் முதல் பக்கம் அதுவாக இருக்கட்டும்.